கஞ்சிராவில் வராத சத்தம்

ஆம்ப்ளிஃபயரில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களும் என் வீட்டுக்காரரைப் போல நல்ல மிஷினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். கோளாறு அவர் காதில் இருந்தது. எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் தினமும் மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டைக்கு ஸ்கூட்டர் ஓட்டிப் போய் வந்துகொண்டிருந்தார். மெட்ரோ வேலைக்காக லஸ் முனையில் தகரம் அடைத்துச் சாலையைப் பாதியாக்கி வைத்திருக்கிற இந்தக் காலத்தில், பின்னால் என்ன வருகிறது என்று கேட்காத ஒரு மனிதர். காலையில் அவர் வண்டியைக் கிளப்பினால், போய்ச் சேர்ந்து போன் செய்கிற வரைக்கும் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் அவருக்கு வேலை. இப்போது கண்ணாடி அறை, மேஜை எல்லாம் உண்டு. ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி மிஷின் ஓடுகிற கொட்டகையில்தான் கழிந்தது. எந்த ரோலர் தகராறு செய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று அங்கே அவருக்கு ஒரு பேர். அந்தப் பேரில் ஐயாவுக்கு ரொம்பப் பெருமை. கல்யாண வீட்டில் யாராவது அச்சக ஆள் வந்து அதைச் சொல்லிவிட்டால், அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் பாட்டு. போனில் கேட்கிற பாட்டு இல்லை. கறுப்பு இசைத்தட்டு, அதைச் சுற்ற ஒரு டர்ன்டேபிள், இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நடுவில் எழுபதுகளில் ஜப்பானில் செய்த ஆம்ப்ளிஃபயர். வெள்ளி முகப்பு, கனமான குமிழ்கள், மஞ்சள் விளக்கில் ஆடுகிற முள். கடையில் புதுசு கிடைக்குமே என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு, அவர்களுக்கு அரை மணி நேரம் வகுப்பு நடக்கும். எங்கள் ஹாலில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது. வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார்கள். கல்யாணமான புதிதில் நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா, பாட்டுதானே கேட்கிறார் என்று எங்கள் அம்மாவே அவர் பக்கம் சேர்ந்துகொண்டதால் விட்டுவிட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், "இது டல்லடிக்குது" என்றார்.

அவரிடம் ஒரு சோதனை உண்டு. பழைய வயலின் கச்சேரித் தட்டு ஒன்று, அதில் தனி ஆவர்த்தனம். மிருதங்கம் ஓய்ந்து கஞ்சிரா ஆரம்பிக்கும். கஞ்சிராவின் ஓரத்தில் ஒரு காசு கோத்திருக்கும் இல்லையா, அது ஜல்லென்று சிலிர்க்கிற சத்தம் தனியாகக் காதில் விழுந்தால்தான் அது ஆம்ப்ளிஃபயர், இல்லாவிட்டால் வெறும் பெட்டி. "தோல் சத்தம் வருது, காசு வரல பாரு" என்றார். எனக்கு நன்றாகவே வந்தது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கே வந்தது. ஏதோ இந்தப் பாட்டுக்காரர்களின் நுணுக்கம், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்கிடம் போய் வந்தது. அப்போதும் டல். அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினார். அதுவும் டல். டிரெபிள் என்று ஒரு குமிழ் உண்டு, மேல் சத்தத்தைக் கூட்டுவதற்கு. அது எப்போது பார்த்தாலும் வலது கோடிக்குத் திருகியே கிடந்தது. வயலின் ஆரம்பித்தால் எனக்குப் பல் கூசும். கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் என்னைப் பிடித்து, "புது ஸ்பீக்கரா மாமி?" என்று இனிக்க இனிக்கக் கேட்டாள். அந்த இனிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு விஷயம் புரிந்தது மெக்கானிக் கடையில்தான். ராயப்பேட்டையில் இரண்டு ஆள் நின்றால் மூச்சு முட்டுகிற கடை. ஒரு சனிக்கிழமை அந்த இரண்டாவது ஆம்ப்ளிஃபயரை வண்டியில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார். மெக்கானிக் மிஷினை ஓடவிட்டான். இவர் குமிழைத் திருப்பினார், இன்னும் திருப்பினார்.

"இன்னா சார் நீ, திருப்பிக்கினே போற? அமுக்கு சார் கொஞ்சம், காது கூசுது" என்றான் அவன்.

"கூசுதா? எனக்கு ஒண்ணுமே வரலியேப்பா. சாமான் எல்லாம் புதுசு போட்டியா, இல்லியா?"

"போட்டாச்சு சார். மிஷினு சோக்காத்தான் கீது. யக்கா, நீயாவது சொல்லேன்க்கா, உனுக்குக் கூசல?"

"கூசுதுப்பா" என்றேன்.

"ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டீங்களா?" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தேனாம்பேட்டையில் ஒரு வங்கியில் பென்ஷன் கவுன்டரில் உட்காருகிறவள். காது கேட்காதவர்களோடுதான் என் பிழைப்பு. கேட்காதவர்கள் கேட்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துத் தலையாட்டுவார்கள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போய் வாட்ச்மேனிடம் "என்னப்பா சொன்னாங்க?" என்று விசாரிப்பார்கள். இத்தனை வருஷம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பார்த்ததை வீட்டுக்குள் நான் பார்க்கவில்லை.

அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? நான் ஒன்று சொன்னால் "ம்" என்பார், சொன்னதைச் செய்யமாட்டார். சொன்னேனே என்றால், எப்போ சொன்னே என்பார். என் பேச்சுக்கு இந்த வீட்டில் மரியாதை இல்லை என்று நாள்கணக்கில் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறேன். பேசாமல் இருந்ததும் அவருக்குத் தெரிந்திருக்காது போல.

அப்புறம் பார்க்கிற இடமெல்லாம் அதுவே தெரிந்தது. குக்கர் விசில் அவருக்குக் கேட்கவில்லை. ஹாலிலேயே உட்கார்ந்திருந்தும் காலிங் பெல் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் இண்டிகேட்டர் போட்டால் பீப் பீப் என்று கத்துமே, அதை லஸ்ஸில் போட்டவர் அணைக்காமல் தெருமுனை வரைக்கும் வந்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். நான் பின்சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே" என்று நல்ல நேரம் பார்த்துத்தான் சொன்னேன்.

எரிந்து விழுந்தார். "எனக்கென்ன கேடு வந்துச்சு? நான் என்ன கெழவனா? மிஷின் சரியில்லன்னா மிஷினப் பாரு."

இரண்டாவது தடவை சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். சோற்றின்மேல் கோபப்படுகிற மனிதர் இல்லை அவர். எனக்குப் பயம் வந்துவிட்டது. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள் என்றேன், அதற்கும் சண்டை. ஒரு நாள் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்தும் வைத்தேன். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அடையாறில் ஒருவர் ஆம்ப்ளிஃபயர் விற்கிறார் என்று போன் வந்தது. கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். போகிற வருகிற துறைமுகத்திலெல்லாம் பழைய ஆம்ப்ளிஃபயர்களாக வாங்கிச் சேர்த்து, இப்போது இடமில்லாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் குழந்தை மாதிரி குதித்தார். "இது வேற தரம். இதுல காசு வராம இருக்கவே முடியாது."

ஞாயிற்றுக்கிழமை, நானும் வருகிறேன் என்றேன். எனக்கு எதற்கு ஆம்ப்ளிஃபயர்? அந்த மனிதரைத் தனியாக அடையாறு பாலம் தாண்டி அனுப்ப எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். எனக்கும் சொந்தமாக வண்டி இருக்கிறது, தினமும் தேனாம்பேட்டைக்கு அதில்தான் போகிறேன். ஆனால் இரண்டு பேருமாகப் போனால் அவர்தான் ஓட்டுவார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெண்டாட்டி ஓட்டிப் புருஷன் பின்னால் உட்கார்ந்து போனால், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று இஸ்திரி வண்டிக்காரர் வரைக்கும் கேட்பார்கள். அதனால் நான் பின்னால் உட்கார்ந்து, மந்தைவெளி தாண்டுகிற வரைக்கும் தோளைத் தட்டித் தட்டி, "பஸ் வருது, ஓரம் போங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"நான் என்ன இன்னிக்குத்தான் வண்டி ஓட்டக் கத்துக்கறேனா? சும்மா உக்காரு" என்றார்.

கப்பல்காரர் வீடு இரண்டாவது குறுக்குத் தெருவுக்குள் இருந்தது. இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டையும் பெரிய குரலுமாக வரவேற்றார். மாடி அறை முழுக்க ஆம்ப்ளிஃபயர்கள். இரண்டை மட்டும் துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பழைய மிஷினை நேராக கரண்டில் சொருகமாட்டார்களாம். ஜப்பான் கரண்டு வேறு என்பதால் வோல்டேஜைக் குறைக்கிற ஒரு கனத்த பெட்டி, அதற்கு முன்னால் ஒரு குண்டு பல்பு. மிஷினுக்குள் ஷார்ட் இருந்தால் அந்த பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், உடனே அணைத்துவிடவேண்டும். நல்ல மிஷின் என்றால் ஒரு தடவை பளிச்சிட்டு மங்கிவிடும். இரண்டு ஆண்களும் சாமிக்குத் தீபாராதனை பார்க்கிறவர்கள் மாதிரி அந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பளிச்சிட்டது, மங்கியது. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன், எதற்கென்று தெரியாமலே.

முதல் மிஷினில் நாங்கள் கொண்டுபோன தட்டைப் போட்டார். வயலின் கூர்மையாகக் கிளம்பி என் காதைக் குத்தியது. இரண்டாவதில் போட்டார். அது மெத்தென்று இருந்தது, வாசிக்கிற ஆள் பக்கத்து அறையிலிருந்து நம் அறைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி. பிறகு மறுபடியும் முதல் மிஷின், கஞ்சிரா வருகிற இடம். மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"காசு வரல சார்" என்றார் இவர்.

எனக்கும் வரவில்லை! நிஜமாகவே வரவில்லை. வெறும் தோல் சத்தம். ஐயோ, அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? இவர் காதில் ஒன்றுமில்லை, அந்த மெக்கானிக் ஒரு மடையன், நான் அதைவிட மடச்சி, இத்தனை நாளும் வீண் பயம் பயந்தேன் என்று மனசு துள்ளியது.

கப்பல்காரர் குனிந்து பார்த்து, "அடடா, இப்ப மாத்தறப்ப கை பட்டு ஃபில்டர் விழுந்திருக்கு சார்!" என்றார். பழைய தட்டில் வருகிற இரைச்சலை அடக்க ஒரு சின்ன விசை இருக்கிறதாம். அது மேல் சத்தத்தை வெட்டிவிடும். அதைத் தட்டினார்.

ஜல்லென்று வந்தது. அறை முழுக்கக் காசு சிதறின மாதிரி. "ஆஹா!" என்றார் கப்பல்காரர். என்னை அறியாமல் நானும் தலையைத் தூக்கிவிட்டேன். உடனே இவரைப் பார்த்தேன்.

அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண் மட்டும் கப்பல்காரர் முகத்துக்குப் போனது, அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. அப்புறம்தான், ஒரு நொடி கழித்து, தலையை ஆட்டினார். "ஆங், இப்ப வருது" என்றார். சிரிக்கவும் செய்தார்.

கவுன்டருக்கு வருகிற பெரியவர்கள் ஆட்டுகிற அதே தலை. என் புருஷன் முன்பின் தெரியாத ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாட்டு கேட்கிறார். கப்பல்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர் உற்சாகமாக அடுத்த தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கீழே போய் வண்டியில் ஏறி, வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது, பிறந்ததிலிருந்தே கிடையாது.

"வரல" என்றேன். "உங்களுக்கு வரல. எதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க? மிஷின் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க காதுதான் கேக்கல. ஹார்ன் கேக்கல, பெல்லு கேக்கல, நான் பேசறது கேக்கல. எத்தன ஆம்ப்ளிஃபயர் மாத்தினாலும் வரப்போறதில்ல."

இதை மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டார்.

கப்பல்காரர் கையில் தட்டை வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "மேடம், தண்ணி ஏதாவது..." என்று இழுத்தார். கஞ்சிரா மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டே இருந்தது. இவர் எழுந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், இதையே கட்டுங்க" என்று முதல் மிஷினைக் காட்டினார். என் காதைக் குத்தியதே, அதை.

"இல்ல சார், யோசிச்சிட்டு நிதானமா..."

"வாங்கறது நான்தான் சார். கட்டுங்க."

வீம்பு. பச்சை வீம்பு. கப்பல்காரர் ஒரு பழைய போர்வையில் மிஷினைச் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் இறக்கிவைத்தார். இவர் அதன்மேல் காலை அகட்டி வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் ஏறுகிறேனா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறினேன். ஏறாமல் என்ன செய்வது, அவரைத் தனியாக அனுப்பவா?

தோளைத் தொட்டால் உதறுவார் என்று தெரியும். அதனால் தொடவில்லை. சொல்லவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெட்ரோ தகரம் இடப்பக்கம் நெருக்கிக்கொண்டு வருகிற இடம். அங்கே ஒரு தண்ணி லாரி எங்கள் பின்னால் வந்துவிட்டது. ஹார்ன் அடித்தான். விடாமல் அடித்தான். அந்தச் சத்தத்தில் எனக்கு நெஞ்சே அதிர்ந்தது. இவர் முன்னால் ஒரு பள்ளத்தைப் பார்த்தார் போலிருக்கிறது, சாவகாசமாக, தெருவே தனக்குச் சொந்தம் என்பது மாதிரி, வண்டியை வலப்பக்கம் ஒடித்தார்.

"ஐயோ!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் அது எங்கே கேட்கப்போகிறது? இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினேன். வண்டி குலுங்கிப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. போர்வைக்குள் மிஷின் நங்கென்று இடித்தது. லாரி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அதன் ஈரம் என் புடவையில் தெறித்தது. கிளீனர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ், செவுடு! இன்னா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போனான்.

இவர் வண்டியைத் தகரத்தோடு ஒட்டி நிறுத்தினார். நான் இறங்கிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, அடிக்கத்தான் கை வந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஹார்ன் அடிச்சானா?" என்று கேட்டார்.

"அடிச்சான். அடிச்சிக்கிட்டே வந்தான்."

"அவன் ஏதோ சொல்லிட்டுப் போனானே, என்ன?"

சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். என் வாய் கேட்டால்தானே? "செவுடுன்னு சொன்னான்" என்றேன்.

தலையை ஆட்டினார். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு ஆட்டவில்லை. போகிற வருகிற வண்டி எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டு வளைந்து போனது. அவர் தரையைப் பார்த்தபடியே, "எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா எதுக்கு இத்தன ஆம்ப்ளிஃபயர்? எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"மிஷின் கெட்டுப்போச்சுன்னா வேற மிஷின் வாங்கிக்கலாம். ஒவ்வொண்ணும் போடும்போது, இதுல ஒருவேள கேட்டுடுமோன்னு ஒரு நப்பாசை" என்றார். அப்புறம், "அச்சகத்துல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? சத்தத்த வெச்சு ரோலரச் சொல்ற ஆளு" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மா போனபோதுகூட, வேலை இருக்கிறது என்று வெளியே போய் நின்றவர்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுரோட்டில், அத்தனை வண்டி பார்க்க. கை ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் தகரத்துக்கு அந்தப் பக்கம் மெட்ரோ மிஷின் என்னவோ தோண்டிக்கொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம் வந்திருந்தா நீ போயிருப்பே இல்ல?" என்றார்.

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு. வீட்டுக்கு வேணாம், திருப்பு. அந்த இன்னொரு மிஷினையே எடுத்துக்கலாம்."

நான் ஓட்டினேன். காலடியில் போர்வை சுற்றின மிஷின், பின்னால் அவர். என் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்து, கடைசியில் பிடித்துக்கொண்டார்.

கப்பல்காரர் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து, எச்சில் கையோடு கேட்டுக்கு வந்தார். நான் வண்டி ஓட்டி வந்ததையும், இவர் பின்னால் உட்கார்ந்திருந்ததையும், என் புடவை நனைந்திருந்ததையும் பார்த்துவிட்டு, "என்ன சார், என்ன ஆச்சு?" என்று பதறினார்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எனக்குக் காது கேக்கறதில்ல சார். மேல் சத்தம் ஒண்ணுமே வராது. அவ சொன்னது சரி, அப்ப நான்தான் பொய் சொன்னேன்" என்றார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். இந்த மிஷின் வேணாம். இவ காதுக்கு எது இதமா இருந்துதோ, அதக் குடுங்க. இனிமே வீட்ல கேக்கப்போறது இவதான்."

கப்பல்காரர் திகைத்துப்போனார். உடனே எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். தொண்டையை உயர்த்தி, "பரவால்ல சார்! வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் சார்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எதிர்வீட்டு வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தான்.

"கத்தாதீங்க சார். கத்தினா வெறும் இரைச்சல்தான் வரும்" என்றார் இவர், மெதுவாக. "சாதாரணமாவே பேசுங்க. என்னைப் பாத்துப் பேசினா உதட்ட வெச்சுப் புரிஞ்சுக்குவேன். வீட்லயும் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். இவ நேரா பாத்துச் சொன்னா தெரிஞ்சுடும். திரும்பி நின்னு சொன்னதுதான் ஒரு வருஷமா எனக்கு எதுவுமே தெரியாது."

நான் முக்கால்வாசி நேரம் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசுகிறவள். ஒரு வருஷமாக அப்படி என்னென்ன சொல்லியிருப்பேன்? பாதி திட்டு, அது கேட்காமல் போனதே நல்லது. மீதி அப்படி இல்லை. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது. போர்வையோடு மிஷினைத் தூக்கிக்கொண்டு இவர் உள்ளே போனார். நான் அதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்து மறுபடியும் சொல்வது என்று தெரியாமல், அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.